நலம் காப்போம்: ஷிப்டு வேலையும் உடம்பும்



செம்பனை ஆலையில் ஷிப்டு பார்ப்பவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "மெஷின் பக்கத்துலயே நின்னுக்கிட்டு ரெண்டு வாய் போட்டேன்" என்பார். பிறகு வயிற்றெரிச்சல், தலைச்சுற்றல் என்று கிளினிக்குக்கு நடப்பார். மாத்திரை மட்டும் போதுமா? அவருக்குச் சேர வேண்டிய ஓய்வு சட்டத்திலேயே இருக்கிறதே!

தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரிய 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இடையில் 30 நிமிடமாவது ஓய்வு தராமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. காலை 7 மணிக்கு இறங்கினால் 12 மணிக்குள் ஓய்வு. பத்து நிமிடம் தேத்தண்ணி குடித்தது இந்தக் கணக்கில் சேராது. ஆள் நகர முடியாத, நிறுத்தவே முடியாத வேலை என்றால் 8 மணி நேரம் தொடரலாம். அதிலும் சாப்பாட்டுக்கு மொத்தம் 45 நிமிடமாவது உண்டு. இதைக் கேட்டு வாங்க யாரும் தலையைச் சொறிய வேண்டியதில்லை.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது பழைய கணக்கு. 2023 ஜனவரி 1 முதல் 45தான். ஷிப்டுக்காரருக்கு ஒரு வாரம் கூடலாம், ஒரு வாரம் குறையலாம். மூன்று வாரச் சராசரி 45-ஐத் தாண்டக் கூடாது. 50, 45, 40 என்றால் சரி. மூன்று வாரமும் 50 என்றால் கேள்வி கேளுங்கள். வார ஓய்வும் ஷிப்டுக்காரருக்குத் தொடர்ந்து 30 மணி நேரம் இருக்க வேண்டும்.

ஓவர்டைம் காசு ஆசை யாருக்குத்தான் இல்லை! மாதம் 2,080 வெள்ளி சம்பளம், தினம் 8 மணி நேர வேலை என்றால் 26-ஆல் வகுத்து, பிறகு 8-ஆல் வகுங்கள்: மணிக்கு 10 வெள்ளி. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, 15 வெள்ளி. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மாதம் 104 மணி நேரம். விபத்து, மெஷின் அவசரப் பழுது போன்றவை தவிர, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரம். தூக்கக் கண்ணோடு பிரஸ் பக்கத்தில் நிற்பவருக்கும், விடியற்காலை மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புபவருக்கும் ஒரு நொடி அசந்தால் போதும்.

பெண்களை இரவு 10 முதல் காலை 5 வரை ஆலையிலும் தோட்டத்திலும் வேலை வாங்கத் தடை போட்டிருந்த பிரிவு 2023-இல் எடுக்கப்பட்டது. ஆகவே தாய்மார்களே, இது உங்களுக்கும்தான்: இரவு ஷிப்டு முடிந்ததும் துணியைத் துவைக்க உட்காராதீர்கள். ஜன்னலை மறைத்து முதலில் தூங்குங்கள். ஷிப்டின் கடைசி நேரத்தில் காப்பி வேண்டாம். இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், "நான் நைட் ஷிப்டு" என்று டாக்டரிடம் சொல்லி நேரத்தைக் கேளுங்கள். நீங்களாக மாற்றினால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

இறங்கிய நேரம், ஓய்வு எடுத்த நேரம், ஏறிய நேரம் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். பக்கத்து லயத்து வங்காளதேசத் தம்பிக்கும் சொல்லுங்கள், அவருக்கும் இதே சட்டம்தான். கணக்கு இடித்தால் நோட்டோடு கிளைச் செயலாளரைப் பாருங்கள். அங்கே தீராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் எழுத அவர் கூட வருவார்.