சொடுக்கினால் பேசும் எழுத்துகள்

வரிசையாக இயங்கும் நிரலில் அடுத்து நடப்பதை நிரலே தீர்மானிக்கும். நிகழ்வுசார் நிரல் மாணவரின் சொடுக்குக்காகக் காத்திருக்கும்.

ஸ்கிராட்ச் மென்பொருளில் ல, ள, ழ ஆகியவற்றைத் தனித்தனி உருக்களாக வரையுங்கள். பச்சைக்கொடியைச் சொடுக்கியதும், நீங்கள் பதிவுசெய்த ‘வாழை’ என்ற சொல் ஒலிக்கட்டும். அச்சொல்லில் வரும் எழுத்தை மாணவர் சொடுக்க வேண்டும்.

ழ: ‘சரி’ என ஒலிக்கும்.
ல, ள: ‘மீண்டும் கேள்’, பிறகு ‘வாழை’ என ஒலிக்கும்.

ஒலியைத் தொடங்கிவிட்டு உடனே அடுத்த கட்டளைக்குச் செல்லும் கட்டத்தை இங்கே இட்டால், இரண்டு ஒலிகளும் கலந்துவிடும். ஒலி முடியும்வரை காத்திருக்கும் கட்டத்தையே இடுங்கள்.

தவறான விடைக்கு எச்சரிக்கை மணி வேண்டாம். ழகரத்தை மீண்டும் கேட்டால்தான் மாணவரின் காது அதைப் பிரித்தறியும்.

சிந்திக்க: ஒலி முடிவதற்குள் மறுபடியும் சொடுக்கினால் என்ன நிகழும்? மாணவர்களே செய்துபார்த்துச் சொல்லட்டும்.