வலையமைப்பு வரைபிற் கோடுகளின் சிக்கலைக் குறைத்தல்

கணினி வலையமைப்பொன்றைப் படமாக வரையும்போது கணினிகளைக் கணுக்களாகவும் அவற்றை இணைக்கும் வடங்களை விளிம்புகளாகவும் காட்டுவோம். விளிம்புகள் ஒன்றையொன்று வெட்டினால் எந்த வடம் எங்கே செல்கின்றது எனத் தேடும் கண் தடுமாறும். பழுதடைந்த வடத்தை விட்டு வேறொன்றைக் கழற்றிவிடவும் நேரலாம்.

உதாரணம்: அ(0,0), ஆ(4,0), இ(4,4), ஈ(0,4) ஆகிய நான்கு கணுக்களில் ஒவ்வொன்றும் ஏனைய மூன்றுடனும் நேர்கோட்டால் இணைக்கப்பட்டுள்ளது. விளிம்புகள் 6. மூலைவிட்டங்கள் வெட்டுவதால் இடைவெட்டு 1. இப்போது ஈ என்னும் கணுவை (3,1) இற்கு நகர்த்துக. அது அஆஇ என்னும் முக்கோணியினுள் அமையும். இடைவெட்டு 0 ஆகும். இணைப்புகள் மாறவில்லை, இடம் மட்டுமே மாறியது என்பதைக் கவனிக்க.

கணுக்கள் பெருகும்போது எல்லா அமைப்புகளையும் சோதித்துப் பார்க்க இயலாது. இங்கு விஞ்ஞானப் பாடத்தில் நீங்கள் கற்ற கூர்ப்பு உதவுகின்றது. இயற்கைத் தேர்வைப் பின்பற்றும் பிறப்புரிமை நெறிமுறையை ஜோன் ஹொலண்ட் 1975 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

படிமுறைகள்:
1. எழுமாறாக ஆள்கூறுகளைக் கொடுத்துப் பல படங்களை ஆக்குக.
2. ஒவ்வொன்றிலும் இடைவெட்டுகளை எண்ணுக. குறைந்த எண்ணிக்கை உடையதே தகுதி கூடியது.
3. தகுதி கூடிய படங்களைப் பெற்றோராகத் தெரிவு செய்க.
4. ஒரு பெற்றோரிலிருந்து சில கணுக்களின் ஆள்கூறுகளையும் மற்றையதிலிருந்து எஞ்சியவற்றையும் எடுத்துப் புதிய படம் ஆக்குக (குறுக்குப் பரிமாற்றம்).
5. இடைக்கிடை ஒரு கணுவை எழுமாறாக நகர்த்துக (விகாரம்).
6. நிறுத்தல் நிபந்தனை நிறைவேறும் வரை படி 2 இலிருந்து மீளச் செய்க.

மாணவர் விடும் பிழை: நிறுத்தல் நிபந்தனையாக "இடைவெட்டு = 0" என மட்டும் எழுதுதல். ஐந்து கணுக்களில் ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றுடனும் இணைந்தால் விளிம்புகள் 10. அதனை எவ்வாறு வரைந்தாலும் குறைந்தது ஓர் இடைவெட்டு இருக்கும். ஆகவே செய்நிரல் ஒருபோதும் நிற்காது. "இடைவெட்டு = 0 அல்லது சந்ததிகள் = 200" என்பது போல எல்லையொன்றையும் சேர்த்து எழுதுக. கிடைக்கும் படம் கண்டவற்றுள் சிறந்ததே. எல்லாவற்றிலும் சிறந்தது என்பதற்கு உறுதியில்லை.

பயிற்சி: மேலுள்ள உதாரணத்தில் ஈ யை (2,2) இல் வைத்தாலும் கோடுகள் குறுக்கே வெட்டா. ஆயினும் அப்படம் தெளிவற்றது. ஏன்?

விடை: ஈ ஆனது அஇ என்னும் விளிம்பின் மேலேயே அமைகின்றது, அ உம் இ உம் நேரடியாக இணைந்துள்ளனவா என அறிய முடியாது. எனவே தகுதியைக் கணிக்கும்போது கணுவிற்கும் விளிம்பிற்கும் இடையிலான தூரத்தையும் சேர்த்தல் வேண்டும். கணினி நாம் அளக்கச் சொன்னதை மட்டுமே திருத்தும்.