புதிய அட்டையும் பழைய கணினியும்

கேமரன் மலையின் வடபகுதியில் அமைந்துள்ள கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போவுக்குச் செல்ல, சிம்பாங் பூலாய் மலைச்சாலையில் ஒரு மணி நேரத்திற்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். ஈப்போவில் வாங்கிய வரைகலை அட்டையைக் கணினியில் பொருத்தியதும் திரை இருண்டுபோனால், அட்டை பழுதென்று கருதிக் கடைக்கே திரும்பச் செல்லத் தோன்றும். அங்கே சோதிக்கும்போது அட்டை நன்றாகவே இயங்கினால், ஒரு நாள் உழைப்பும் பயணச் செலவும் வீணாகும். ஆகவே, சிக்கல் எங்குள்ளது என்பதை வீட்டிலேயே முறையாக ஆராய்வது நன்று.

கணினித் திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டு உருவாக்கும் பாகமே வரைகலை அட்டை. புதிதாகச் சேர்க்கும் பாகம், ஏற்கெனவே உள்ள பாகங்களோடு ஒத்துப்போகாத நிலையை வன்பொருள் முரண்பாடு என்பர்.

இம்முரண்பாடு முன்பு அடிக்கடி ஏற்பட்டது. 1984ஆம் ஆண்டில் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. வகைக் கணினியில், பாகங்கள் செயலியை அழைப்பதற்கு 0 முதல் 15 வரை எண்ணிட்ட தடங்கள் இருந்தன. அவற்றுள் 0 கடிகாரத்திற்கும் 1 விசைப்பலகைக்கும் உரியவை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது இருவருக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால் எடைக் கணக்குக் குழம்பிவிடும் அல்லவா? அதுபோலவே, இரண்டு அட்டைகள் ஒரே தடத்தைப் பயன்படுத்த முயன்றால் கணினி திணறியது. அட்டையிலுள்ள சிறு இணைப்பான்களைக் கையால் மாற்றித்தான் அதைச் சரிசெய்தனர். 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95, தடங்களைத் தானே பங்கிடும் வசதியைப் பரவலாக்கியது.

இன்று அத்தகைய மோதல் அரிது. எனினும், முரண்பாடு வேறு வடிவங்களில் தோன்றுகிறது. அவற்றை எளியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் கணினியை அணைத்து, மின்செருகியைக் கழற்றுங்கள். கணினிக் கூட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால், உடலிலுள்ள நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்காது. அட்டை தாய்ப்பலகையின் செருகுவாயில் முழுமையாக இறங்கியுள்ளதா எனப் பாருங்கள். அதன் பொன்னிறத் தொடுமுனைகளை விரலால் தொடாதீர்கள். திரையின் கம்பி, தாய்ப்பலகையில் அல்லாமல் புதிய அட்டையில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

அடுத்து, மின்சாரத்தைக் கவனியுங்கள். செருகுவாய் அதிகபட்சம் 75 வாட் மின்சாரமே தரும். அதற்கு மேல் தேவைப்படும் அட்டைக்கு மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி இணைக்க வேண்டும். மின்வழங்கியின் திறன் போதாவிட்டால், விளையாட்டோ காணொளித் தொகுப்போ தொடங்கியவுடன் கணினி திடீரென அணைந்துவிடலாம்.

திரை தெரிந்தும் படம் சிதறினால், இயக்கி மென்பொருளைச் சோதியுங்கள். பழைய அட்டையின் இயக்கியை நீக்கிவிட்டு, அட்டையைத் தயாரித்த நிறுவனத்தின் புதிய இயக்கியை நிறுவுங்கள். விண்டோசின் சாதன நிர்வாகிப் பகுதியில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி தெரிந்தால், அதனுடன் வரும் எண்ணைப் படியுங்கள். எண் 12 என்றால், அந்தப் பாகத்திற்குத் தேவையான வளங்கள் கணினியில் போதவில்லை என்று பொருள். அப்போது, பயன்படுத்தாத வேறொரு பாகத்தின் இயக்கத்தை நிறுத்திப் பார்க்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்து, அதன் விளைவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சமயத்தில் மூன்றை மாற்றினால், எது சிக்கலைத் தீர்த்தது என்பது தெரியாமலே போய்விடும். இறுதியாக, அட்டையை மற்றொரு கணினியில் பொருத்திப் பாருங்கள். அங்கும் இயங்காவிட்டால், அட்டை பழுதாகியிருக்க வாய்ப்பு மிகுதி. அப்போது உங்கள் குறிப்புகளோடு கடைக்குச் சென்றால், பழுதுபார்ப்பவரின் வேலையும் பாதியாகக் குறையும்.