கொடுக்க வருபவரிடம் முதலில் பேசு

கல்லீரல் மாற்று அறுவைப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராகப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துக்கு என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களிடம் சொல்வது:

1. "எத்தனை பர்சன்ட் சக்சஸ்?" என்றுதான் குடும்பம் முதலில் கேட்கும். நல்ல மையங்களில் கல்லீரல் பெற்ற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஓராண்டைக் கடக்கிறார்கள். அதைச் சொன்ன கையோடு மற்றதையும் சொல்லிவிடு: உயிரோடிருந்து கல்லீரலின் வலது மடலைக் கொடுத்தவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர்வரை இறந்திருக்கலாம் என்பது உலகளாவிய மதிப்பீடு.

2. கொடுப்பவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசு. நம் பக்கம் அது பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் அம்மா. மாமியார் வெளியில் இருக்கட்டும். "உனக்கு இஷ்டமாம்மா?" என்று கேட்டுவிட்டு, நீ வாயைத் திறக்காதே. அவளுக்கு மனம் இல்லையென்றால், "மருத்துவரீதியாகப் பொருந்தவில்லை" என்பதோடு குடும்பத்துக்கு முடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே நீ வாங்கும் சம்பளம் தகும்.

3. மச்சானும் சித்தப்பாவும் 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தின் நெருங்கிய உறவுப் பட்டியலில் இல்லை; அங்கீகாரக் குழுவுக்குப் போகவேண்டும். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் 2011 திருத்தத்தில் சேர்ந்தார்கள்.

4. 1998-இல் டெல்லி அப்போலோவில் அப்பாவின் கல்லீரல் துண்டைப் பெற்ற காஞ்சிபுரத்துக் குழந்தை இன்று டாக்டர். எல்லோரும் அதைச் சொல்வார்கள். ஆனால் குழந்தைக்குச் சிறு துண்டு போதும். பெரியவருக்கு உடல் எடையில் 0.8 சதவீதமாவது வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு 480 கிராம். அதனால்தான் பெரும்பாலும் வலது மடல். கொடுப்பவருக்கு 30 சதவீதமாவது மிஞ்சவேண்டும். ஈரலில் கொழுப்பு இருந்தால் எடை குறையும்வரை காத்திருக்கச் சொல்வார்கள், அவசரப்படுத்தாதே.

5. "திரும்ப வளர்ந்துடும்" என்று முடித்துவிடாதே. சில மாதங்களில் பெரும்பகுதி வளரும், சரி. பித்தப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள் என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை. பித்தம் கசியலாம், தழும்பில் குடலிறக்கம் வரலாம். மூன்று மாதம் தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது.

6. பெற்றவருக்குக் காய்ச்சல், மஞ்சள் காமாலை, அரிப்பு என்றால் அன்றே வரவேண்டும். பித்தநாளம் சுருங்குவது அடிக்கடி நடக்கும். புது ஈரலை உடல் ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் டேக்ரோலிமஸ் மருந்து நேரம் தவறக்கூடாது. பம்ளிமாஸும் நாட்டு மருந்தும் வேண்டாம்.

7. குடித்துக் கெட்ட ஈரல் என்றால் மனநல ஆலோசனை அறுவைக்கு முன்பே. தெருவுக்குத் தெரு சாராயக் கடை இருக்கும் ஊர் இது.

8. கொடுத்தவருக்குத் தனி ஃபைல் போடு. சென்னைக்குப் பஸ் ஏறுகிற காசெல்லாம் நோயாளிக்கே போய்விடும், அவள் மறுபரிசோதனைக்கு வரவேமாட்டாள். இருவருக்கும் ஒரே நாளில் தேதி எழுதிக் கொடு.