மண்டையின் அடித்தள நாளங்கள்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர் முன்னோர். அச்சிரசினுள்ளே மூளையைத் தாங்கும் என்புத் தளத்தின் நடுவில், சேணம் போன்றதொரு குழிவு உண்டு. அதிற் கபச்சுரப்பி அமர்ந்திருக்கின்றது. அதனைச் சூழ்ந்த நாளங்களை அறிவதே இங்கு நமது நோக்கம்.

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது நாடி. இதயத்துக்கு அதனை மீட்டுக் கொணர்வது நாளம். கபச்சுரப்பியின் இருமருங்கிலும், மூளையுறையின் மடிப்புக்களிடையே, இரு நாளக்குடாக்கள் உள. 1732ஆம் ஆண்டில் வின்சுலோ என்னும் உடற்கூற்றறிஞர், கடற்பஞ்சு போன்ற அவற்றின் தோற்றம் நோக்கி, குகைக்குடா எனப் பொருள்படும் பெயரிட்டார். மூளைக்குச் செல்லும் உட்கழுத்து நாடி இக்குடாவின் ஊடே செல்கின்றது. கண்ணைப் புறத்தே திருப்பும் நரம்பும் அதனோடு செல்ல, கண்ணை அசைக்கும் ஏனைய நரம்புகள் புறச்சுவரிற் பதிந்துள்ளன. கபச்சுரப்பியின் முன்னும் பின்னும் செல்லும் சிறு நாளங்கள் இரு குடாக்களையும் இணைக்கின்றன.

இக்குடாக்களில் வால்வுகள் இல்லை. குருதி எத்திசையிலும் பாயவல்லது. மூக்கிலோ மேலுதட்டிலோ எழும் பருவின் நச்சுக்கிருமி, முகநாளமும் கண்நாளமும் வழியாக இங்கு வந்து சேர்தல் அரிது; சேரின் உயிருக்கே ஆபத்து. பருவை நகத்தாற் கிள்ளும் இளைஞர் இதனை நினைவிற் கொள்வாராக.

1907ஆம் ஆண்டில், ஒஸ்திரியாவின் இன்சுபுறுக் நகரில், சுலொபர் என்னும் வைத்தியர் மூக்கை வெட்டி ஒருபுறம் ஒதுக்கி, அவ்வழியாற் கபச்சுரப்பிக் கட்டியை அகற்றினார். இன்றோ முகத்திற் காயமேதுமின்றி, ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள நோக்குக் குழாயை மூக்குத் துவாரத்தினூடே செலுத்தி அப்பணியைச் செய்கின்றனர்.

வழி ஒடுங்க ஒடுங்க, வைத்தியருக்கு வேண்டிய அறிவு விரிகின்றது. மூளையுறையைத் திறக்குங்கால் அவ்விணைப்பு நாளங்கள் அறுபடின், குருதி பெருகிக் காட்சியை மறைக்கும். நாளக்குருதியின் அழுத்தம் குறைவாதலின், செலற்றின் பஞ்சை இட்டு மெல்ல அழுத்த அது பெரும்பாலும் நிற்கும். பதறிய கை அருகிலுள்ள நாடியைத் துளைப்பின் மூளைக்கே கேடு விளையும். மேலும், இவ்விணைப்புக்கள் ஆளுக்காள் வேறுபடுவன. ஆகவே, நூலறிவோடு அமையாது, ஒவ்வொரு நோயாளியின் காந்த அதிர்வுப் படத்தையும் முன்னரே நுணுகிக் கற்றல் வேண்டும்.

மருத்துவம் பயில விழையும் நம் மாணாக்கர், உடற்கூற்றியலைப் பரீட்சைக்குரிய பெயர்ப்பட்டியலாகக் கொள்ளற்க. இன்று ஒரு சிறு நாளத்தின் போக்கை ஐயமறக் கற்பவனின் கை, நாளை ஓர் உயிரின் முன் நடுங்காது.