காலத்தின் கொடை

நாள்தோறும் கைக்கு எட்டும் பொருளின் அருமை எளிதில் புலப்படுவதில்லை. மீனுக்குத் தண்ணீரின் அருமை கரையேறிய பின்னரே தெரியும். மனிதன் இயல்பும் அத்தகையதே. திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஒருவர் செய்த ஓர் உதவியையே மறத்தல் தகாதெனின், முகம் அறியாப் பல்லோர் தலைமுறை தலைமுறையாக உழைத்து ஆக்கித் தந்த இக்காலத்தை மறத்தல் தகுமோ?

ஆவடியை அடுத்துள்ளது கோவில்பதாகை என்னும் ஊர். பதாகை என்பது கொடியைக் குறிக்கும் சொல். இவ்வூரினர் ஒருவர் முற்காலத்தில் சென்னைக்குச் செல்ல விழைந்தால், கட்டுச்சோற்றை மூட்டை கட்டிக்கொண்டு விடியுமுன் புறப்படுவார். நடந்து சென்றால் அரை நாள் வழியிலேயே கழியும். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இராயபுரத்திற்கும் வாலாஜாவிற்கும் இடையே தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. அப்பாதை ஆவடி வழியாகவே சென்றது. இன்று ஆவடியில் மின்சார வண்டி ஏறுவோர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நகரை அடைகின்றனர். கல்லூரி மாணவியும், மருத்துவமனைக்குச் செல்லும் முதியவரும், வேலைக்குச் செல்லும் தொழிலாளியும் ஒரே வண்டியில் அமர்ந்து செல்கின்றனர்.

விரைவு ஒரு நலமே. எனினும் அதனினும் பெரிது உயிர்க்காப்பு. பெரியம்மை என்னும் கொடுநோய் அக்காலத்தில் ஊர்தோறும் புகுந்து உயிர்களைச் சூறையாடியது. கடுமையாகப் பற்றிய இடத்தில் நோயுற்றார் பத்துப் பேரில் மூவர் மாண்டனர். பிழைத்தவருள் பலர் முகமெலாம் தழும்பேறினர். சிலர் கண்ணொளி இழந்தனர். வேப்பிலை கட்டி, மாரியம்மனை வேண்டி, கண்ணீருடன் காத்திருப்பதன்றித் தாயர் செய்யத்தக்கது வேறொன்றும் இருந்திலது.

1796ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் ஒரு வழி கண்டார். மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்டிரைப் பெரியம்மை தீண்டுவதில்லை என்னும் நாட்டார் வழக்கை அவர் எள்ளி ஒதுக்கவில்லை. ஆராய்ந்து பார்த்து, அம்மை குத்தும் முறையை உலகிற்கு அளித்தார். 1802ஆம் ஆண்டில் அம்முறை இந்தியாவிற்கு வந்தது. 1899ஆம் ஆண்டில் கிண்டியில் நிறுவப்பெற்ற கிங் நிலையம், அம்மைப்பால் ஆக்கி மாகாணம் முழுமைக்கும் வழங்கியது.

மருந்து மட்டும் இருந்தால் போதுமா? அதனை மக்களிடம் சேர்ப்பார் வேண்டும். வெயிலிலும் மழையிலும் அம்மை குத்துவோர் வீடு வீடாக நடந்தனர். சிலர் அவர்களைக் கண்டு கதவடைத்தனர். சிலர் குழந்தைகளை ஒளித்தனர். அவர்களோ பொறுமை இழந்திலர். பிற்காலத்தில் நோயாளியின் படத்தைக் காட்டி, இத்தகையோர் எங்குளர் என வினவித் தேடினர்; நோய் கண்ட இடத்தைச் சூழ இருந்தார் அனைவர்க்கும் அம்மை குத்தினர். 1975ஆம் ஆண்டுடன் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980ஆம் ஆண்டு மே மாதம், உலகெங்கும் அது ஒழிந்ததென உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. இந்நாளில் பிறக்கும் குழந்தை அந்நோயின் பெயரை நூலிலன்றிக் காண்பதில்லை. கதவுதோறும் நின்ற அம்மை குத்துவோரின் பெயர்களை எந்நூலும் பொறித்து வைக்கவில்லை. அக்குழந்தையின் தழும்பற்ற முகமே அவர்களுக்கு நடுகல்.

இவ்வாறு கூறுவதால் பழங்காலத்தார் அறிவிலார் என்பதும், இக்காலம் குற்றமற்றது என்பதும் பொருளாகா. கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனை ஆள்வார்க்கு அருள் இல்லையேல் பயனில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. அப்பொழுது இருப்புப்பாதை இருந்தது, புகைவண்டியும் ஓடியது. அவ்வாறிருந்தும் தானியம் கப்பலேறி அயல்நாடு சென்றது. பல இலட்சம் மக்கள் பசியால் மாண்டனர்.

2019ஆம் ஆண்டிலோ சென்னையின் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலை மாதம் சோலையார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில், ஒரு முறைக்கு இருபத்தைந்து இலட்சம் லிட்டர் நீர் வில்லிவாக்கம் வந்தது. ஆவடி வழிச்செல்லும் அதே இருப்புப்பாதையில் அந்நீர் வந்தது. அருள் கூடியபொழுது அப்பாதை உயிர் காத்தது. ஆயினும் முன்னோர் அகழ்ந்து காத்த ஏரிகளைப் பின்வந்தோர் தூர்த்ததும் அவ்வறட்சிக்கு ஒரு காரணமாகும் என்பதை மறத்தலாகாது.

ஆகவே, இக்காலத்திற்கு நன்றி பாராட்டுதல் வாயால் புகழ்வதன்று. தடுப்பூசியை உரிய காலத்தில் இட்டுக்கொள்வதும், ஊர் ஏரியில் குப்பை கொட்டாது காப்பதும், கற்ற கல்வியைக் கல்லார்க்கு ஈவதுமே நன்றியாம். பெற்றதைக் காத்து, சிறிது பெருக்கிப் பின்வருவார்க்கு அளித்தலே இக்காலத்தில் பிறந்தார் தலையாய கடன்.