லாரி நிற்கிற கடை: பிரான்சு நாட்டுச் சாலையோர உணவகங்கள் தரும் பாடம்



லாரி நிறைய நிற்கிற கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. கடல் தாண்டி எங்கோ இருக்கிற பிரான்சு நாட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள். கார் வைத்திருப்பவர்கள்கூட வாசலில் எத்தனை லாரி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை ஓரம் கட்டுவார்களாம். அந்தக் கடைகளைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

இவ்வளவு தூரத்து உதாரணம் எதற்கு என்று கேட்பீர்கள். சாப்பாட்டுக் கடை வைக்கக் கடன் கேட்கும் உறுப்பினர்களின் தொழில் திட்டங்களை நாங்கள் படிக்கிறோம். என்ன சமைக்கப் போகிறோம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதுகிறார்கள். யார் சாப்பிட வருவார்கள் என்ற இடத்தில் மட்டும் 'பொதுமக்கள்' என்று ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பதைக் காட்ட இந்தக் கடைகளைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பிரெஞ்சு மொழியில் லாரி டிரைவரை 'ரூத்தியே' என்பார்கள். 1934இல் பிரான்சுவா த சோலியே என்ற பத்திரிகையாளர், டிரைவர்களுக்காகவே 'லே ரூத்தியே' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். டிரைவர்கள் எந்தச் சாலையில் எங்கே நம்பிச் சாப்பிடலாம், எங்கே படுக்கலாம் என்று கடைகளின் பட்டியல் தயாரானது. பட்டியலில் சேர்ந்த கடை வாசலில் வட்டமான ஒரு பலகை தொங்கும். மேலே சிவப்பு, கீழே நீலம், நடுவில் வெள்ளை எழுத்து. இருட்டில் தூரத்திலிருந்தே தெரியும். சமையலில் தனிப் பேர் எடுத்த கடைக்குப் பட்டியலில் ஒரு பாத்திரத்தின் படம் போடுவார்கள். கார் வைத்திருந்த வசதியானவர்களுக்கு மிஷெலின் டயர் கம்பெனி 1900 முதலே ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டு வந்தது. லாரிக்காரர்களுக்கு அப்படி ஒன்று வர 34 வருஷம் ஆயிற்று. உழைக்கிறவனின் பசி எப்போதும் கடைசியாகத்தான் கண்ணில் படும் போலிருக்கிறது.

இந்தக் கடைகளில் பெரும்பாலானவை குடும்பக் கடைகள். பல இடங்களில் புருஷன் அடுப்படியில் இருந்தால் பெண்சாதி கல்லாவிலும் பந்தியிலும் இருப்பார். சில இடங்களில் மாறியிருக்கும். கடைக்கார அம்மாவை 'பத்ரோன்' என்பார்கள், முதலாளியம்மா என்று அர்த்தம். செல்போன் இல்லாத காலத்தில் டிரைவர் வீட்டிலிருந்து வரும் சேதியை வாங்கி வைத்துச் சொன்னதும் அவர்தான். யாருக்கு உப்பு ஆகாது, யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிடுகிற கடைக்கு ஆள் திரும்பத் திரும்ப வருவான். இதற்கு முதலீடு எதுவும் தேவையில்லை, கவனித்தீர்களா?

சாப்பாடு எப்படி? நம் ஊர் அளவுச் சாப்பாடு மாதிரி, ஒரே விலைக்கு எல்லாம் சேர்ந்தது. முதலில் ஒரு நீள மேஜை. துருவிய கேரட், பீட்ரூட், முட்டை, கறியை அரைத்துச் செய்த பதார்த்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது அன்றைய குழம்பு அல்லது கறி. பருப்பு வகையோடு வேகவைத்த உப்புப் பன்றிக்கறி ஒரு நாள், கன்றுக்கறி வெள்ளைக் குழம்பு ஒரு நாள், வெள்ளிக்கிழமை மீன் என்று போகும். பிறகு பாலாடைக்கட்டி, இனிப்பு, காப்பி. ரொட்டி கேட்கிற வரைக்கும் வரும். இதோடு கால் லிட்டர் திராட்சை மதுவும் விலையில் சேர்ந்தே வருவது பழைய வழக்கம். இது நமக்கு ஒப்பாத விஷயம்தான், மறைப்பானேன்? அங்கேயும் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் சாராயம் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளும் டிரைவர்கள் இன்று ஏராளம்.

இனி கணக்குக்கு வருவோம். முழுச் சாப்பாட்டின் விலை 15, 16 யூரோ அளவில் இருக்கும். ஒரு யூரோவைக் கணக்குக்காக 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500 ரூபாய்க்குச் சாப்பாடா என்று மலைக்க வேண்டாம், அங்கே கூலியும் அந்த அளவில்தான். அந்த விலை எங்கிருந்து வந்தது என்பதுதான் பாடம். வீட்டை விட்டு வெளியே வேலை பார்க்கும் டிரைவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு படி என்று முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் அந்தப் படியைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். படிக்குள் அடங்கினால் டிரைவர் உள்ளே வருவார். அதைத் தாண்டினால் அவர் கைக்காசு போகும், அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் கறி விலை ஏறினாலும் நினைத்தபடி சாப்பாட்டு விலையை ஏற்ற முடியாது. போதாததற்கு, 15 யூரோவுக்குள்ளேயே 10 சதவீத விற்பனை வரியும் இருக்கிறது. வரி போகக் கடைக்கு நிற்பது 13 யூரோ 64 காசு. அதில்தான் கறி, ரொட்டி, எரிபொருள், ஆள் சம்பளம் எல்லாம்.

ஒரு தலைக்கு லாபம் குறைவு என்றால் தலைகள் கூட வேண்டும். பகலில் 60 பேர் சாப்பிடுகிற கடையில் 20 பேர் குறைந்தால், 15 யூரோ கணக்கில் நாளைக்கு 300 யூரோ வரவு போயிற்று. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 1500. அடுப்பு அதேதான் எரியும், ஆள் சம்பளமும் அதேதான். ஏன் ஐந்து நாள்? பிரான்சில் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் ஞாயிறு இரவு 10 மணி வரை பெரும்பாலான பெரிய லாரிகள் ஓடக் கூடாது. டிரைவர்களும் வாரக் கடைசியில் வீடு போய்ச் சேரப் பார்ப்பார்கள். அதனால் பல கடைகள் சனி, ஞாயிறு பூட்டியே இருக்கும். ஊரே லீவில் சுற்றுகிற நாளில் கடையைப் பூட்டுவதா என்று நமக்குத் தோன்றும். யாருக்காகக் கடை நடத்துகிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவர்தான் அப்படிப் பூட்ட முடியும்.

எந்த இடத்தில் கடை என்பதைத் தீர்மானிப்பது டிரைவரின் கடிகாரம். 2006இல் வந்த ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். வண்டிக்குள் இருக்கும் ஒரு கருவி இதையெல்லாம் பதிந்துகொண்டே இருக்கும், ஏமாற்றினால் அபராதம். ஸ்பெயின் எல்லையிலிருந்து வடக்கே போகிற ஒரு லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரைக்குக் கிளம்பி மணிக்கு 70 கிலோமீட்டர் வீதம் போனால், போர்தோ நகரைத் தாண்டி அங்கூலேம் ஊர்ப் பக்கம் வரும்போது பகல் 12 ஆகிவிடும். நாலரை மணி நேரமும் முடிந்திருக்கும். போர்தோவுக்கும் புவாத்தியேவுக்கும் நடுவே 'நாசியோனால் 10' என்ற தேசியச் சாலை சுங்கம் இல்லாதது. பக்கத்து மோட்டார்வேயில் சுங்கம் உண்டு. ஆகவே ஸ்பெயின், போர்த்துக்கல் லாரிகள் இந்தச் சாலையை விரும்பிப் பிடிக்கின்றன. சமையல் எவ்வளவு ருசியானாலும், கடிகாரம் நிற்கச் சொல்லாத இடத்தில் கடை போட்டால் லாரி கையசைத்துவிட்டுப் போய்விடும்.

அந்த 45 நிமிஷத்துக்குள் சாப்பாடு முடிய வேண்டும். முதல் பதார்த்தங்களை அவரவரே எடுத்துக்கொள்ளும்படி மேஜையில் வைப்பதற்கும், ஒரே சமையலாக இருப்பதற்கும் காரணம் இதுதான். உட்கார்ந்த உடனே கையில் தட்டு வந்துவிடும். அங்கே ஒரு பெரிய லாரி பதினாறரை மீட்டர் நீளம். அது வந்து திரும்பி நிற்க மைதானம் போல இடம் வேண்டும். சாப்பிடுகிறவருக்கு வெந்நீர்க் குளியல் அறை, இரவில் டீசல் திருடு போகாத வெளிச்சமான வாசல், விடிகாலையிலேயே சூடான காப்பி. இதெல்லாம் சமையலுக்குள் வராது, ஆனால் இதெல்லாம் இல்லாமல் சமையலும் விற்காது.

இவ்வளவு தெரிந்து நடத்திய கடைகளும் ஆயிரக்கணக்கில் மூடிப்போயின. ஒரு காலத்தில் நாலாயிரத்துக்கும் மேல் இருந்த கடைகளில், இன்று அந்தப் பலகையோடு நிற்பவை ஆயிரம்கூடத் தேறாது. காரணம் சாலை. பாரிசிலிருந்து லியோன் வழியாகத் தெற்குக் கடற்கரைக்குப் போகும் 'நாசியோனால் 7' சாலை ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. வழியெல்லாம் ஊர்கள், ஊரெல்லாம் கடைகள். மோந்தெலிமார் என்ற ஊரில் தேனும் பாதாமும் சேர்த்துச் செய்யும் நூகா மிட்டாய், இந்தச் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டவர்களிடம் விற்றே நாடு முழுக்கப் பேர் வாங்கியது. 1970இல் பாரிஸ், லியோன், மார்செய் நகரங்களை இணைக்கும் மோட்டார்வே முழுதாகத் திறந்தது. வேகமாகப் போக வேண்டிய வண்டிகள் அதில் ஏறிவிட்டன. மோட்டார்வே ஓரத்துப் பெரிய ஓய்விடங்களைப் பெரிய கம்பெனிகள் நடத்துகின்றன. குடும்பக் கடைகள் பழைய சாலையிலேயே நின்றுவிட்டன.

அதே சாலையில் லாபாலீஸ் என்று ஒரு சின்ன ஊர். ஊர் நடுவே இரவு பகலாக லாரி ஓடி, சன்னல் திறக்க முடியாமல் ஜனங்கள் அவதிப்பட்டார்கள். 2006இல் பைபாஸ் வந்தது. அதே வருஷம் ஊர்க்காரர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். பழைய கார், பழைய லாரிகளையெல்லாம் வரவழைத்து, பழைய டிராபிக் ஜாமையே திருவிழாவாக நடத்தினார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அது நடக்கும்படி ஆகிவிட்டது. போகிற வண்டியைப் பார்த்துச் சலித்தவர்களே, போகாத வண்டிக்கு ஏங்குகிறார்கள்!

சாலை அகலமாவதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. அதே வட்டாரத்தில் நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் 'நாசியோனால் 79' சாலைக்கு மரணச் சாலை என்றே பேர். 2016 மார்ச்சில் அங்கே ஒரே விபத்தில் போர்த்துக்கல் நாட்டவர் 12 பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் அந்தச் சாலையின் ஒரு பகுதி சுங்க மோட்டார்வே ஆயிற்று. உயிர் பிழைக்க வழி வேண்டும் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் இறங்கு வழி எங்கே வருகிறது என்று ஒரு கோடு வரைபடத்தில் விழும்போதே, எந்தக் கடைக்காரர் பிழைப்பார் என்பதும் எழுதப்பட்டுவிடுகிறது. அந்தக் கோடு விழும் நேரத்தில் பேசாமல் இருந்துவிட்டு, தார் போட்ட பிறகு மனு கொடுத்துப் பயனில்லை.

சாலை மாறாத இடத்திலும் டிரைவர்கள் மாறியிருக்கிறார்கள். கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து குறைந்த சம்பளத்துக்கு வரும் டிரைவர்கள் பலர், காசு மிச்சம் பிடிக்க வண்டியிலேயே சின்ன கேஸ் அடுப்பில் சமைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை, அவர்கள் மிச்சம் பிடிப்பது தங்கள் பிள்ளைகளுக்கு.

கொரோனா சமயத்தில் நடந்ததையும் கேளுங்கள். 2020 மார்ச்சில் பிரான்சு அரசு எல்லா உணவகங்களையும் மூடியது. கடைகளுக்கு அரிசி, மருந்து கொண்டுபோகிற டிரைவர்களுக்குச் சூடான சோறு இல்லை, குளிக்க இடமில்லை, கழிப்பறைகூட இல்லை. டிரைவர்கள் சத்தம் போட்டார்கள். அந்த அக்டோபர் கடைசியில் இரண்டாம் முறை மூடியபோது, நவம்பரிலேயே அரசு இறங்கி வந்தது. மாவட்ட அதிகாரிகள் பட்டியல் போட்ட சாலையோரக் கடைகள், தொழில்முறை டிரைவர்களுக்கு மட்டும் மாலை 6 மணி முதல் காலை 10 மணி வரை திறக்கலாம் என்றது. மற்ற உணவகங்களின் உள்கூடம் 2021 ஜூன் வரை திறக்கவில்லை. இன்னார் நம்மை நம்பி வாழ்கிறார்கள் என்று காட்ட முடிந்த கடைக்குக் கதவு முதலில் திறந்தது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு வேலை. கடை வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் ஒரு நாள் முழுக்க, காலை 6 முதல் இரவு 9 வரை, அந்த இடத்தில் உட்கார்ந்து நோட்டில் குறித்து வாருங்கள். எத்தனை வண்டி போயிற்று, எத்தனை நின்றது, எந்த நேரத்தில் நின்றது, நின்றவர்கள் எவ்வளவு செலவு செய்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள். அந்தச் சாலையில் பைபாஸ் வருவதாகப் பேச்சு இருந்தால், கிராம சபையிலோ நெடுஞ்சாலை அலுவலகத்திலோ விசாரித்து அதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளலாம். நோட்டை ஊக்குநரிடம் கொடுங்கள், தொழில் திட்டம் எழுதும்போது நாம் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.